புல்வெட்டும் டிராக்டர்: குப்பை அகற்றலும் ஓடும் பாகங்களின் பராமரிப்பும்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நம் சங்கத்து அன்பர்கள் இருவர் தங்கள் குடியிருப்பில் உள்ள புல்வெட்டும் டிராக்டரைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒருவருடைய குடியிருப்பில் மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை பெல்ட் அறுந்துவிட்டதாம். மற்றவருடையதில் அரை மணி நேரம் ஓடினாலே இன்ஜின் சூடேறி நின்றுவிடுகிறதாம். "நீங்கள்தான் ரயில்வே இன்ஜினியர் ஆயிற்றே, நம் இதழில் எழுதுங்களேன்" என்று பக்கத்து இலைக்காரரும் சேர்ந்துகொண்டார். நான் டிப்ளமா படித்துவிட்டு டீசல் ஷெட்டில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2,600 குதிரைத் திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜின்களோடு காலம் கழித்தவனுக்கு, 18 குதிரைத் திறன் வண்டி ஒரு பொருட்டா என்று நானும் முதலில் நினைத்தவன்தான். அந்த நினைப்புக்கு என் விரல் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

நாக்பூரில் எங்கள் குடியிருப்பின் புல்வெளி ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஜூன் கடைசியில் மழை பிடித்ததும், நாம் அருகம்புல் என்றும் இங்குள்ளவர்கள் தூப் என்றும் சொல்லும் புல், ஒரு வாரத்தில் கணுக்காலுக்கு வந்துவிடும். தள்ளிக்கொண்டு போகும் மெஷினால் மாலி மூன்று நாள் வெட்டுவார்; மூன்றாம் நாள் முடிவதற்குள் முதல் நாள் வெட்டிய இடம் வளர்ந்துவிடும். ஆகவேதான் கமிட்டியில் பேசி, உட்கார்ந்து ஓட்டும் வண்டி ஒன்றை வாங்கினோம். ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் குடியிருப்பில் இருந்தால், பம்பு, லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் அவர் தலையில்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இதுவும் என் தலையில் விழுந்தது.

வண்டியின் அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். முன்னால் காற்றால் குளிரும் பெட்ரோல் இன்ஜின். பின்னால் சக்கரங்களை ஓட்டும் கியர் பெட்டி. பல வண்டிகளில் இது எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. நடுவில், வண்டியின் வயிற்றுக்குக் கீழே, பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஓர் இரும்புக் கூடு தொங்கும். இதை டெக் என்பார்கள். டெக்குக்குள் இரண்டு அல்லது மூன்று பிளேடுகள். ஒவ்வொரு பிளேடும் ஒரு ஸ்பிண்டிலின் அடி முனையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஸ்பிண்டிலின் மேல் முனையில் ஒரு புல்லி. இன்ஜினிலிருந்து வரும் ஒரே பெல்ட் இந்தப் புல்லிகளையெல்லாம் சுற்றிப் போகும். லீவரை முன்னே தள்ளினால் ஐட்லர் என்ற சிறு புல்லி பெல்ட்டை இறுக்கும், பிளேடு சுழலும். லீவரைப் பின்னே இழுத்தால் பெல்ட் தளரும், பிளேடு நிற்க வேண்டும். "வேண்டும்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேடின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 53 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளேடு நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் அதன் நுனி கடப்பது ஏறக்குறைய 1.67 மீட்டர். வினாடிக்கு 50 சுற்று. ஆக வினாடிக்கு 83 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர். 2016இல் டில்லிக்கும் ஆக்ராவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸின் உச்ச வேகம் 160 கிலோமீட்டர்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். வெட்டும்போது பக்கத்தில் வந்து நிற்கக் கூடாது என்பதை வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்காது.

இனி குப்பைக்கு வருவோம். புல்வெளிக் குப்பை என்றால் வெட்டிய புல் மட்டும் என்று நினைக்கக் கூடாது. எங்கள் டெக்குக்கு அடியிலிருந்து நான் எடுத்தவை: பால் பாக்கெட்டின் மூலைத் துண்டுகள், சாக்குச் சணல், செருப்பு வார், குட்கா பொட்டலம், கல்யாணப் பந்தல் கட்டிய நைலான் கயிறு. எல்லாவற்றையும்விடப் பொல்லாதது சங்கராந்திக்குப் பிறகு கிடைக்கும் காற்றாடி நூல். நைலான் மாஞ்சாவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடை செய்தது. ஆனாலும் ஜனவரி பிற்பகுதியில் எங்கள் புல்வெளியில் அது கிடக்கத்தான் செய்கிறது. பிளேடுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இந்த நூல் சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது. சுற்றச் சுற்ற உள்ளே இறங்கி, பேரிங்கின் அடியில் தூசி புகாமல் காக்கும் சீலை அறுத்துவிடும். பிறகு கிரீஸ் வெளியே வரும், மண் உள்ளே போகும். இரண்டு மாதத்தில் அந்த ஸ்பிண்டில் அம்மிக்கல் அரைப்பதுபோல் சத்தம் போடும். பேரிங் கெட்டுப்போனதற்குத் தயாரித்தவனைத் திட்டிப் பயனில்லை.

குப்பை சேரும் இடம் மூன்று. ஒவ்வோர் இடத்திலும் அது செய்யும் கெடுதல் வேறு வேறு.

முதல் இடம் இன்ஜின். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. மேலே உள்ள விசிறி காற்றை உறிஞ்சி, தகட்டு மூடிக்குள்ளே செலுத்தி, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய விளிம்புகளுக்கு நடுவே அனுப்பும். அந்தக் காற்றோடு காய்ந்த புல்தூளும் உள்ளே போகும். மேலே வலையைத் துடைத்துவிட்டு "சுத்தம் செய்துவிட்டேன்" என்றால் போதாது. மூடிக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், விளிம்புகளுக்கு நடுவே பஞ்சு அடைத்தாற்போல் புல் அடைந்திருக்கும். அரை மணியில் சூடேறி நிற்கும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. நான்கைந்து போல்ட்டைக் கழற்றி மூடியை எடுங்கள். கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் தூசி ஊதும் சிறு மின் புளோயர் இதற்குப் போதும். புளோயருக்கு அசையாததை நீக்க ஒரு நல்ல கருவி நம் வீட்டிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த தென்னை விளக்குமாற்றில் நான்கு ஈர்க்கை உருவிக்கொள்ளுங்கள். விளிம்புகளின் நடுவே நுழையும் அளவு மெல்லியது, அடைப்பைத் தள்ளும் அளவு விறைப்பானது, அலுமினியத்தைக் கீறாதது. இரும்புக் கம்பியோ ஸ்க்ரூ டிரைவரோ வேண்டாம். இங்கே கிடைக்கும் பூல் ஜாடு இதற்கு உதவாது.

புகைப்போக்கியைச் சுற்றிப் புல் சேர விடவே கூடாது. மார்ச், ஏப்ரலில் நாக்பூர் வெயிலில் காய்ந்த புல்தூள் பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது; மேலே பெட்ரோல் டாங்கும் இருக்கிறது. ஓடி முடித்த வண்டியை உடனே கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தாமல், வெளியே அரை மணி நேரம் ஆற விட்டு, ஊதிச் சுத்தம் செய்த பிறகே உள்ளே விட வேண்டும். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். காற்று வடிகட்டியை 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பார்ப்பதாகப் பல கையேடுகளில் இருக்கும். நம் ஊர்ப் புழுதிக்கு அதில் பாதி நேரமே நல்லது. காகித வடிகட்டியைத் தரையில் தட்டலாம். கழுவவோ எண்ணெய் விடவோ கூடாது.

இரண்டாவது இடம், பின்னால் உள்ள கியர் பெட்டியின் தலை. அதன் மேலே சிறு விசிறி ஒன்று இருக்கும். சீட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. மேட்டில் ஏறும்போது வண்டி இழுவை குறைகிறது, ஆறிய பிறகு சரியாகிவிடுகிறது என்றால், புதுக் கியர் பெட்டி வாங்கச் சொல்லும் மெக்கானிக்கை ஒரு நாள் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த விசிறியின் அடியில் சேர்ந்திருக்கும் புல்லை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது இடம்தான் டெக்கின் அடிப்பக்கம். மழைக்காலப் புல் சாறு நிறைந்தது. பிளேடு அதைக் கூழாக்கித் தகட்டில் அப்பும். அன்றே எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு வாரம் விட்டால் தோசைக்கல்லில் காந்திய அடைபோல் ஒட்டிக்கொள்ளும். விரற்கடை கனம் சேர்ந்துவிட்டால், வெட்டிய புல்லைத் தூக்கி எறியக் காற்றுக்கு இடம் இருக்காது. புல் சீராக வெட்டுப்படாது. ஈரம் தங்கித் தகடு அரிக்கும். சில டெக்குகளில் தண்ணீர்க் குழாய் மாட்டிக் கழுவ ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். புதுப் புல்லுக்கு அது சரி, காய்ந்த அடைக்கு அது போதாது. ஸ்பிண்டில் பேரிங்கின் மேல் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சுவதும் நல்லதல்ல. மரக் கரண்டி, அகலமான பட்டி பிளேடு, பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் இவற்றால் சுரண்டுவதே வழி. டெக்கைத் தாங்கும் பின்களைக் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிட்டு, டெக்கைப் பக்கவாட்டில் உருவி வெளியே எடுத்துக் கவிழ்த்துப்போட்டுச் செய்வது பத்திரமானது. வண்டியைத் தூக்கித்தான் செய்ய வேண்டுமென்றால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. ரயில்வேயில் எதையும் ஜாக்கியில் தூக்கினால், அடியில் கட்டை கொடுத்த பிறகுதான் ஆள் இறங்குவார். 250 கிலோ வண்டிக்கும் அதே சட்டம்தான்.

இப்போது என் விரல் கதை. வாங்கிய இரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். டெக்கைத் தூக்கி, கட்டை கொடுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாலிக்குச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இடது பிளேடுக்கு அடியில் கயிறு ஒன்று சுற்றியிருந்தது. வலது பிளேடின் ஓரத்தில் இடது கையை ஊன்றிக்கொண்டு, வலது கையால் இடது பிளேடைப் பிடித்து அரைச் சுற்று திருப்பினேன். அவ்வளவுதான். இரண்டு பிளேடும் ஒரே பெல்ட்டில் கட்டப்பட்டவை. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். இன்ஜின் ஓடவில்லை, சாவி என் பையில் இருந்தது, ஆனாலும் ஆள்காட்டி விரலில் நான்கு தையல். முந்தின வாரம்தான் அந்தப் பிளேடை நானே கூர்தீட்டியிருந்தேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மாலி மெதுவாகக் கேட்டார்: "சாஹேப், பெல்ட்டை முதலில் கழற்றியிருக்க வேண்டாமோ?" எட்டாம் வகுப்பைத் தாண்டாத அந்த மனிதர் கேட்டது முற்றிலும் சரி. வாத்தியாருக்கு விழுந்த அடி என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

அன்று முதல் எங்கள் முறை இது. சாவியை எடு, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கு, பெல்ட்டைத் தளர்த்து, கனமான தோல் கையுறை போடு, பிறகு கை வை. பிளேடைத் திருப்ப வேண்டுமென்றால் ஒரு ஆள் ஒரு பிளேடை மட்டும் தொட வேண்டும், மற்ற கை முதுகுக்குப் பின்னால்.

இனி ஓடும் பாகங்கள். லீவரை இழுத்தால் பிளேடு நிற்க "வேண்டும்" என்று சொன்னேன். ஏன் சில சமயம் நிற்பதில்லை? ஐட்லர் புல்லி ஒரு நீண்ட கையின் நுனியில் இருக்கிறது. அந்தக் கை ஓர் ஆணியைச் சுற்றி ஆடுகிறது. ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடிக்கிறது. டெக்கின் மேல் சேரும் புல்தூள் அந்தக் கையின் பின்பக்கம் அடைந்து கெட்டித்துப்போனால், லீவரை இழுத்தாலும் கை முழுவதும் திரும்பி வராது. பெல்ட் அரைகுறையாக இறுகியே இருக்கும். அதே மாதிரி, பல வண்டிகளில் லீவரை விட்டவுடன் ஸ்பிண்டில் புல்லியை அழுத்தி நிறுத்தும் சிறு பிரேக் கட்டைகள் உண்டு. அவற்றுக்கும் புல்லிக்கும் நடுவில் குப்பை நின்றால் பிரேக் முழுமையாகப் பிடிக்காது. ஓட்டுபவர் பிளேடு நின்றுவிட்டது என்று நம்பி இறங்குவார். அடைத்துக்கொண்ட புல்லை எடுக்கப் பக்கவாட்டு வாயில் கையை விடுவார்.

ரயில் பாதையில் தடம் மாற்றும் பாயிண்ட் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாக்குத் தண்டவாளம் நிலையான தண்டவாளத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் ஒரு சிறு ஜல்லிக்கல் மாட்டிக்கொண்டால் ஒட்டாது. சிக்னல் பிரிவு நண்பர்கள் 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு துண்டை வேண்டுமென்றே இடையில் வைத்து பாயிண்டை ஓட்டிப் பார்ப்பார்கள். அப்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டிக்கொண்டால் அந்தப் பாயிண்ட் சோதனையில் தவறிவிட்டது. புல்வெட்டும் டெக்கில் அப்படி யாரும் காவல் வைக்கவில்லை. திரும்பி வர வேண்டிய பாகம் பாதியில் நின்றால் லீவருக்கும் தெரியாது, ஓட்டுபவருக்கும் தெரியாது. ஆகையால் டெக்கின் மேல் மூடியைக் கழற்றி, ஐட்லர் கையைச் சுற்றி ஊதிவிட்டு, கையால் அதை ஆட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் இழுக்கும் பக்கம் தானாகத் திரும்பி வர வேண்டும். பிறகு வெட்ட வெளியில் ஒரு சோதனை: சீட்டில் உட்கார்ந்தபடியே பிளேடை ஓட்டி, லீவரை இழுத்துவிட்டு எண்ணுங்கள். ஐந்து வினாடிக்குள் பிளேடின் இரைச்சல் முழுவதும் அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் அன்று புல் வெட்ட வேண்டாம். புல் இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்தால் குடி முழுகிப்போகாது. சீட்டை விட்டு எழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கும். தொல்லையாக இருக்கிறதென்று அதை ஒயர் போட்டு நேராக இணைத்துவைக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் அப்படி இருந்தால் இன்றே பிரிக்கச் சொல்லுங்கள்.

கிரீஸ் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தாராள மனப்பான்மை உண்டு. நிறையப் போட்டால் நிறைய நல்லது என்பது பொங்கலில் ஊற்றும் நெய்க்குப் பொருந்தலாம். இங்கே, வெளியே வழியும் கிரீஸில் புல்தூளும் மண்ணும் ஒட்டிக்கொண்டு சாணைக்குழம்பு ஆகிவிடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் குப்பை, பிறகு துடைப்பு, கடைசியில்தான் கிரீஸ். நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது, மண்ணை ஊசி போட்டு உள்ளே ஏற்றுவதுதான். ஸ்பிண்டிலுக்கு இரண்டு மூன்று அழுத்து போதும். மேலே அழுத்தினால் சீல் பிதுங்கிவிடும். சில ஸ்பிண்டில்களில் நிப்பிளே இருக்காது. அவை நிரந்தரமாக மூடப்பட்டவை, துளை போட்டு நிப்பிள் வைக்க முயல வேண்டாம். முன் சக்கர அச்சு, ஸ்டியரிங் திரும்பும் ஆணி, முன் அச்சு ஆடும் நடு ஆணி இவற்றுக்கும் கிரீஸ் வேண்டும். பெடல், லீவர் மூட்டுகளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். பெல்ட்டிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. பெல்ட் கத்துகிறது என்று எண்ணெய் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கத்தல் நின்றது, அதோடு வெட்டும் நின்றது.

பேரிங்கின் நிலையைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பழைய நாள் வண்டிகளில் அச்சுப் பெட்டி சூடேறுவதை வாகன் பரிசோதகர்கள் புறங்கையை அருகில் கொண்டுபோயும், எண்ணெய் கருகும் வாசனையாலும் கண்டுபிடிப்பார்கள். வெட்டி முடித்து, இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, ஒவ்வொரு ஸ்பிண்டில் கூட்டுக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் அதிகமாகச் சுடுகிறது என்றால் அதைக் கவனிக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைச் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது.

பிளேடைப் பற்றிச் சுருக்கமாக. கழற்றும்போது டெக்குக்கும் பிளேடுக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்துத் திருகுங்கள். தீட்டும்போது பழைய சாய்வையே பின்பற்றுங்கள். இரண்டு முனையிலும் ஒரே அளவு எடுங்கள். சுவரில் ஆணி அடித்து நடுத் துளையை அதில் மாட்டினால் பிளேடு தராசுபோல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தீட்ட வேண்டும். எடை சமமில்லாத பிளேடு நிமிடத்திற்கு 3,000 தடவை பேரிங்கைக் குத்திக்கொண்டிருக்கும். வளைந்த பிளேடைச் சுத்தியால் நிமிர்த்திப் போடாதீர்கள். புதிது வாங்குங்கள், கமிட்டி பில்லை மறுத்தால் என்னிடம் அனுப்புங்கள். டயர் காற்றையும் பாருங்கள். ஒரு டயரில் காற்று குறைந்தால் டெக் சாய்ந்து, புல்வெளி அரைகுறையாகச் சிரைத்த தலைபோல் இருக்கும்.

இவ்வளவும் நமக்குத் தெரிந்து என்ன? வண்டியை ஓட்டுபவர் மாலி. வண்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. கமிட்டி அலமாரியில் அதைப் பூட்டியும் வைத்திருந்தார்கள். அடிபடப்போகும் கை அவருடையது, அவரால் படிக்க முடிந்தது இந்தியும் மராத்தியும் மட்டும். அதனால் கொட்டகைச் சுவரில் பெயிண்டரைக் கொண்டு இந்தியில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தோம். உங்கள் குடியிருப்பிலும் சொல்லிக்கொடுக்க உதவும் என்பதால் தமிழ் எழுத்தில் தருகிறேன். "பஹலே சாவி நிகாலோ, ஃபிர் ஹாத் டாலோ", அதாவது முதலில் சாவியை எடு, பிறகு கையை விடு. "கரம் இன்ஜின் மே பெட்ரோல் நஹீம்." "பஹலே சஃபாயி, ஃபிர் கிரீஸ்." வெட்டும் நேரக் கூலியோடு, சுத்தம் செய்யும் அரை மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம். அதற்கு முன்னால் வேலை முடிந்ததும் அவர் ஓடியதற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஐந்து மணிக்கு அடுத்த குடியிருப்பில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கூலி கொடுத்த நாளிலிருந்து அவரே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எத்தனை மணி ஓடியது, எந்த நிப்பிளுக்குக் கிரீஸ் போட்டது என்று தேவநாகரியில் குறித்துவைக்கிறார். இன்ஜின் ஆயிலைக் கையேட்டின்படி 50 மணிக்கு ஒரு முறை மாற்றுவதும் அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

மழை ஓய்ந்து நவம்பரில் புல் வளர்ச்சி குறையும்போது, டெக்கை ஒரு முறை முழுவதும் கழற்றி, சுரண்டி, துரு தென்பட்ட இடத்தில் பெயிண்ட் அடித்துவிட்டால் அடுத்த ஜூன் வரை கவலையில்லை. நீண்ட நாள் ஓட்டப்போவதில்லையென்றால் டாங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசின்போல் படியும். சங்கராந்தி முடிந்த மறுநாள், முதல் வெட்டுக்கு முன்னால், குடியிருப்புப் பிள்ளைகளை அழைத்துப் புல்வெளியில் கிடக்கும் நூலைப் பொறுக்கச் சொல்கிறோம். ஆளுக்கு ஒரு எள்ளுருண்டை கொடுப்பதாகச் சொன்னால் பெரியவர்களும் வந்துவிடுகிறார்கள். எங்கள் கொட்டகையில் ஈர்க்கு தீர்ந்துபோய்விட்டது. கோடை விடுமுறைக்கு ஊர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது இரண்டு தென்னை விளக்குமாறு கொண்டுவந்தால், ஒன்றை எங்கள் மாலிக்குக் கொடுத்துவிட்டு மற்றதை உங்கள் வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.